இரைச்சலும் மந்தமும்

பெரிய ஸ்தாபனங்கள் தம் ஊழியர்களுக்காக மடிக்கணினிகளை நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் குத்தகைக்கு எடுத்து, மூன்று நான்கு ஆண்டுகள் உபயோகித்துவிட்டு, தவணை முடிந்ததும் மொத்தமாகத் திருப்பிக் கொடுத்துவிடுவது இன்று உலகெங்கும் உள்ள வழக்கம். அவ்வாறு கழிக்கப்பட்ட யந்திரங்கள் பல வியாபாரிகளின் கைமாறி, தில்லியின் நேரு பிளேஸுக்கும், பெங்களூரின் எஸ்.பி. ரோட்டுக்கும், சென்னையின் ரிச்சி தெருவுக்கும் வந்து சேருகின்றன. புதிய யந்திரம் வாங்க வசதியில்லாத மாணவர்களும், சிறு தொழில் நடத்துவோரும், வீட்டிலிருந்தே எழுத்து வேலை செய்வோரும் அங்கே சென்று, புதியதன் விலையில் ஒரு சிறு பங்கைக் கொடுத்து அவற்றை வாங்கிக்கொள்கிறார்கள். இத்தகைய சந்தைகளில் நெடுங்காலமாகப் புழங்கி வருவதும், 2012-ஆம் ஆண்டில் முதன்முதல் விற்பனைக்கு வந்ததுமான லெனோவோ திங்க்பேட் டி430 என்னும் யந்திரத்தை இந்த அத்தியாயத்துக்கு உதாரணமாகக் கொள்வோம். அதைப் பற்றிச் சொல்வதில் பெரும்பகுதி அதன் இனத்தைச் சேர்ந்த மற்ற யந்திரங்களுக்கும் பொருந்தும்.

வாங்கிய சில மாதங்களுக்குள் இந்த யந்திரத்தைக் குறித்து இரண்டு குறைகள் எழுவது சகஜம். பட்டனை அழுத்தியபின் வேலை தொடங்க நெடுநேரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது, இரண்டு பக்கங்களைத் திறந்து வைத்தால் மூன்றாவது திறக்க மறுக்கிறது என்பது ஒன்று. சும்மா வைத்திருக்கும்போதுகூட ஃபேன் ஓயாமல் இரைகிறது என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் கேட்பவர்கள் அநேகமாக ஒரே தீர்ப்பைத்தான் சொல்வார்கள்: யந்திரத்துக்கு வயதாகிவிட்டது, வந்த விலைக்குத் தள்ளிவிட்டு வேறொன்று வாங்கு என்று. அந்தத் தீர்ப்பு எவ்வளவு தூரம் சரி என்று விசாரிப்பதே நம் நோக்கம். மந்தமும் இரைச்சலும் ரோகத்தின் லட்சணங்களே. ஒவ்வொரு லட்சணத்துக்கும் காரணங்கள் பல. அக்காரணங்களை அளந்து பார்த்துப் பிரித்தறியலாம். பிரித்தறிந்தபின் பெரும்பாலானவற்றைச் சொற்பச் செலவில் நீக்கிவிடலாம் என்பது நாம் சென்று சேரவிருக்கும் முடிவு.

வயதாவது எது?

கணினிக்குள் நடைபெறும் காரியங்கள் யாவற்றுக்கும் தாளம் கொடுப்பது ஒரு சிறு குவார்ட்ஸ் படிகம். மின்சாரம் பட்டதும் மாறாத லயத்துடன் அதிரும் அந்தப் படிகத்தின் அதிர்வைப் பன்மடங்காகப் பெருக்கியே பிராசஸரின் வேகம் நிர்ணயிக்கப்படுகிறது. அந்த லயத்தில் ஓர் ஆண்டில் ஏற்படும் பிசகு பத்து லட்சத்தில் சில பங்குகளுக்குள் அடங்கிவிடும். டி430-இல் பெருவாரியாகக் காணப்படும் ஐ5-3320எம் என்னும் இன்டெல் பிராசஸர், 2012-இல் விநாடிக்கு 260 கோடித் துடிப்புகளில் இயங்கி, தேவை நேர்ந்தபோது 330 கோடி வரை உயர்ந்தது. தடை எதுவும் குறுக்கிடாவிட்டால் இன்றும் அதே வேகத்தில்தான் இயங்கும். சிலிக்கானில் செதுக்கப்பட்ட டிரான்சிஸ்டர்களிலும் காலப்போக்கில் நுண்ணிய தேய்மானம் உண்டு என்பது மெய்யே. ஆனால் அந்தத் தேய்மானம் எல்லை மீறும்போது சுற்று தவறான விடை தரும், அல்லது அடியோடு நின்றுவிடும். களைத்துப்போய்த் தளர்நடை போடுவது அதன் சுபாவத்தில் இல்லை.

அப்படியானால் மாறியது எது? பிராசஸரைச் சூழ்ந்து அதற்கு உபகாரம் செய்பவைதாம் மாறின. ஃபேனின் பேரிங்கில் எண்ணெய்ப்பசை வற்றுகிறது. உஷ்ணத்தைக் கடத்துவதற்காகத் தடவிய பசை காய்ந்து வெடிக்கிறது. காற்று வெளியேறும் வழியில் தூசி படிகிறது. பேட்டரியின் ரசாயனம் தளர்கிறது. ஹார்ட் டிஸ்க்கின் அசையும் உறுப்புகள் தேய்கின்றன. இவை யாவும் ஒருபுறமிருக்க, நாம் அந்த யந்திரத்தின்மேல் ஏற்றும் பாரமும், அது பிறந்த காலத்தில் இருந்ததைவிடப் பன்மடங்கு பெருகிவிட்டது. இவற்றுள் எது நம் கையிலுள்ள யந்திரத்தைப் பீடித்திருக்கிறது என்று காண்பதற்கு, முதலில் உஷ்ணம் என்ற ஒன்றை நன்கு தெரிந்துகொள்ள வேண்டும்.

உஷ்ணத்தின் பாதை

பிராசஸர் உட்கொள்ளும் மின்சக்தியில் ஒரு துளிகூட வீணாகாமல் உஷ்ணமாக மாறுகிறது. கணக்குப் போடுவது, படம் காட்டுவது, கடிதம் எழுதுவது என்று நாம் எந்தப் பெயரிட்டு அழைத்தாலும், பௌதிக சாஸ்திரத்தின் பார்வையில் அது மின்சாரத்தை வெப்பமாக்கும் ஒரு சாதனமே. அந்த வெப்பத்தின் பெரும்பகுதி மூன்றைப் பொறுத்தது: நிறைத்துக் காலிசெய்ய வேண்டிய நுண்ணிய மின்தேக்கங்களின் மொத்த அளவு, மின்னழுத்தத்தின் வர்க்கம், ஒரு விநாடியில் எத்தனை முறை அது நடைபெறுகிறது என்னும் வேகம். நாம் எடுத்துக்கொண்ட பிராசஸர் முழு வேலையில் இருக்கும்போது, அதனிடமிருந்து 35 வாட் உஷ்ணத்தை இடைவிடாமல் அகற்றத்தக்கதாகவே அதன் குளிர்ச்சி ஏற்பாடு அமைந்திருக்கிறது. 35 வாட் என்பது ஒரு சிறிய பல்புக்குரிய அளவாயிற்றே என்று அலட்சியமாக எண்ணலாகாது. அது பிறக்கும் சிலிக்கான் சில்லின் பரப்பு ஒரு சதுர சென்டிமீட்டரைச் சற்றே மிஞ்சியது. ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டியின் அடித்தட்டில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் ஏறக்குறைய 5 வாட் வருகிறதென்றால், இந்தச் சில்லில் அதைப் போல் ஐந்தாறு மடங்கு வெப்பம் அதே அளவு இடத்தில் சுரக்கிறது.

இவ்வளவு நெருக்கமாகப் பிறந்த உஷ்ணத்தை வெளியே கொண்டு சேர்க்க ஒரு பாதை அமைத்திருக்கிறார்கள். சில்லின் மேற்பரப்பும் அதன்மேல் அமரும் செப்புத் தகடும் கண்ணுக்கு வழவழப்பாகத் தோன்றினாலும், நுண்ணோக்கியில் பார்த்தால் இரண்டும் மேடு பள்ளங்கள் நிறைந்தவை. அப்பள்ளங்களில் காற்று தங்கிவிட்டால் உஷ்ணம் கடப்பது கடினம். ஏனெனில் செம்பு வெப்பத்தைக் கடத்தும் திறனில் காற்றுக்கு இருப்பது ஏறத்தாழ பதினைந்தாயிரத்தில் ஒரு பங்கு. ஆகையால் அந்த இடைவெளியை நிரப்புவதற்குத் தெர்மல் பேஸ்ட் என்னும் பசையைத் தடவுகிறார்கள். செப்புத் தகட்டுக்கு அப்பால் ஹீட் பைப் எனப்படும் தட்டையான செப்புக் குழாய் செல்கிறது. அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆராய்ச்சிசாலையில் ஜார்ஜ் குரோவர் 1963-இல் விண்வெளிச் சாதனங்களை உத்தேசித்துப் பரிசோதித்துக் காட்டிய தத்துவமே இன்று நம் மடிமேல் வேலை செய்கிறது. குழாயினுள் காற்றை அகற்றிவிட்டுச் சிறிதளவு நீரை மட்டும் அடைத்திருப்பதால், அந்த நீர் தாழ்ந்த உஷ்ணநிலையிலேயே ஆவியாகி, குழாயின் மறுமுனைக்கு விரைந்து, அங்கே குளிர்ந்து திரவமாகி, உட்சுவரின் நுண்துளைகள் வழியே மீண்டும் பழைய இடத்துக்கு ஊறி வருகிறது. ஒரு விநாடிக்கு ஒரு கிராமில் அறுபதில் ஒரு பங்கு நீர் ஆவியாகித் திரும்பினாலே 35 வாட் உஷ்ணத்தையும் அது சுமந்து சென்றுவிடும்.

குழாயின் மறுமுனையில் தாள் போன்ற மெல்லிய உலோகத் தகடுகள் நெருக்கமாக நிற்கின்றன. அவற்றினூடே ஃபேன் காற்றைத் தள்ளுகிறது. அந்தக் காற்று உள்ளே நுழைந்ததைவிட 20 பாகை சூடாகி வெளியேறுவதாகக் கொண்டால், 35 வாட்டை அகற்ற விநாடிக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் காற்று வேண்டும். தூசி அடைத்து அந்தக் காற்று பாதியாகிவிட்டால், மீதிக் காற்று 20-க்குப் பதில் 40 பாகை சூடேறினால்தான் அதே உஷ்ணத்தைச் சுமக்க முடியும். அதற்கு உலோகத் தகடுகளும், குழாயும், சில்லும் வரிசையாக இன்னும் சூடாக வேண்டும். இதற்கெல்லாம் அடிப்படையாக நிற்பது அறையின் உஷ்ணநிலை என்பதையும் மறக்கலாகாது. 25 பாகையில் இதமாக வேலை செய்யும் யந்திரம், சென்னையின் சித்திரை வெயிலில் 38 பாகை காட்டும் அறையில் ஒவ்வோர் உறுப்பிலும் 13 பாகை கூடுதலாகவே நிற்கும். ஐரோப்பாவில் ஓர் அலுவலகத்தில் சாதுவாக இருந்த யந்திரம் இங்கு வந்ததும் இரையத் தொடங்குவதற்கு இதுவே போதுமான காரணம்.

இனி இரைச்சலும் மந்தமும் எப்படி ஒரே வேரிலிருந்து கிளைக்கின்றன என்பதைக் காணலாம். சில்லுக்குள் பதிந்த உஷ்ணமானிகள் சூடு ஏறுவதைக் கண்டதும் ஃபேனை வேகமாகச் சுழலும்படி ஏவுகின்றன, அதுவே இரைச்சல். வழி அடைபட்டிருப்பதால் ஃபேன் எவ்வளவு சுழன்றும் சூடு இறங்குவதில்லை. சூடு மேலும் ஏறி, இந்தப் பிராசஸருக்கு விதிக்கப்பட்ட எல்லையான 105 பாகையை நெருங்கும்போது, பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ளும்பொருட்டுத் தன் வேகத்தையும் மின்னழுத்தத்தையும் தானே குறைத்துக்கொள்கிறது. 330 கோடித் துடிப்பில் ஓட வேண்டியது 120 கோடி வரைகூட இறங்கிவிடலாம், அதுவே மந்தம். உபயோகிப்பவர் இரண்டு வியாதிகள் என்று எண்ணுகிறார். உள்ளே இருப்பதோ விரலளவு அகலத்தில், ஃபேனுக்கும் தகடுகளுக்கும் நடுவே கம்பளிபோல் படிந்த ஒரு தூசிப்படலம் மட்டுமே.

காதால் அறிதல்

எல்லா இரைச்சலும் உஷ்ணத்தால் வருவதல்ல. ஆகவே இரைச்சலின் ஜாதியைப் பிரித்தறிதல் மிக அவசியம். காற்று ஓடுவதால் பிறக்கும் சப்தம் சீரான 'உஸ்' என்னும் ஓசை. வேலை கூடும்போது கூடி, குறையும்போது குறையும். ஃபேனின் வேகத்தை இருமடங்காக்கினால் காற்றும் ஏறக்குறைய இருமடங்காகும்; ஆனால் அதைச் சுழற்றும் சக்தி எட்டு மடங்காகும், சப்தமும் சுமார் 15 டெசிபல் உயரும். காற்றில் அடையும் லாபத்தைவிட ஓசையில் செலுத்தும் அபராதம் அதிகமாக இருப்பதால்தான், சிறிதளவு தூசி சேர்ந்த மாத்திரத்தில் யந்திரம் திடீரென்று கூச்சலிடுவதாகத் தோன்றுகிறது. உஷ்ணத்தின் பாதையைச் சீர்செய்தால் இந்த ஓசை தானே அடங்கும்.

கரகரப்பும் உராய்வும் கலந்த சப்தம், அதிலும் யந்திரத்தைச் சாய்த்துப் பிடித்தால் மாறுகிற சப்தம், ஃபேனின் பேரிங் தேய்ந்ததற்கு அடையாளம். அதற்குப் பசையோ துடைப்போ பரிகாரமாகாது, ஃபேனை மாற்றுவதே வழி. ஃபேன் அடியோடு சுழல மறுத்தால் திங்க்பேட் இனத்து யந்திரங்கள் தொடங்கும்போதே 'ஃபேன் எரர்' என்று திரையில் காட்டிவிட்டு அணைந்துவிடும். மெல்லிய கீச்சொலியாக, பக்கத்தை மேலும் கீழும் நகர்த்தும்போது அதற்கு இசைய மாறுவது, மின்சுருள்களின் அதிர்வால் வருவது. காதுக்கு உபத்திரவமே தவிர யந்திரத்துக்கு ஆபத்தில்லை. நான்காவதாக, 'டிக், டிக்' என்று திரும்பத் திரும்ப வரும் ஒலி. அது ஹார்ட் டிஸ்க் இருக்கும் பக்கத்திலிருந்து வருமாயின் மற்ற எல்லா வேலையையும் நிறுத்திவிட்டு, முதலில் முக்கியமான கோப்புகளை வேறிடத்துக்குப் பிரதி எடுத்துக்கொள்ள வேண்டும். படிக்கும் முனை தன் இடத்தைத் தேடித் தேடித் தோல்வியுறுவதன் ஓசை அது. அதன்பின் அந்த டிஸ்க் எத்தனை நாள் உழைக்கும் என்று எவராலும் உறுதி கூற இயலாது.

சுழலும் தட்டு

ஐ.பி.எம். நிறுவனம் 1956-இல் உலகுக்கு அறிமுகப்படுத்திய முதல் ஹார்ட் டிஸ்க், 24 அங்குல விட்டமுள்ள ஐம்பது தட்டுகளை நிமிஷத்துக்கு 1200 முறை சுழற்றி, ஐம்பது லட்சம் எழுத்துகளைத் தாங்கிற்று. அதன் சந்ததியாக மடிக்கணினிக்குள் வந்த இரண்டரை அங்குல டிஸ்க், கொள்ளளவில் லட்சம் மடங்கு வளர்ந்துவிட்டபோதிலும், சுழலும் வேகத்தில் பெரும்பாலும் 5400-ஐத் தாண்டவில்லை. அதாவது விநாடிக்கு 90 சுற்று. வேண்டிய எழுத்து முனையின் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது ஐந்தரை மில்லி விநாடி காத்திருக்க வேண்டும். முனை உரிய வட்டத்துக்கு நகர இன்னும் சுமார் 12 மில்லி விநாடி. ஆக, சிதறிக் கிடக்கும் சிறு சிறு துண்டுகளைத் தேடி எடுப்பதானால் விநாடிக்கு அறுபது துண்டுகளுக்குமேல் எடுப்பது அரிது. கணினி தொடங்கும்போது படிக்க வேண்டிய துண்டுகளோ பல்லாயிரம்.

பிராசஸரின் ஒரு நானோ விநாடியை நாம் ஒரு விநாடியாகப் பெருக்கி நினைத்துப் பார்த்தால் இந்த வேற்றுமை விளங்கும். அந்தக் கணக்கில், ராம் எனப்படும் நினைவகத்திலிருந்து ஒரு செய்தி வந்து சேர ஒன்றிரண்டு நிமிஷங்கள் ஆகும். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து வந்து சேரவோ ஆறு மாதங்களுக்கு மேலாகும். தோஷிபாவில் பணியாற்றிய ஃபூஜியோ மாசுவோகா 1984-இல் வெளியிட்ட ஃபிளாஷ் நினைவகத்தின் வழிவந்த எஸ்.எஸ்.டி.யில் சுழல்வதும் நகர்வதும் ஏதுமில்லை. ஆகையால் அதே ஆறு மாதம் அங்கே ஒரு நாளளவுக்குச் சுருங்கிவிடுகிறது. பழைய மடிக்கணினிக்குச் செய்யக்கூடிய உபகாரங்களுள், ஹார்ட் டிஸ்க்கை நீக்கி அதே இடத்தில் எஸ்.எஸ்.டி.யைப் பொருத்துவதற்கு நிகரானது வேறொன்றுமில்லை என்று அனுபவசாலிகள் யாவரும் ஏகமனதாகக் கூறுவதன் ரகசியம் இதுவே. டி430-இல் டிஸ்க் பக்கவாட்டுச் சிறைக்குள் ஒரே திருகாணியால் காக்கப்பட்டிருப்பதால் அந்த மாற்றம் சில நிமிஷ வேலை.

ஆயினும், டிஸ்க் மந்தமாக இருப்பது அதன் இயல்பாலா, அது நோயுற்றிருப்பதாலா என்பதை முதலில் அறிய வேண்டும். ஒவ்வொரு டிஸ்க்கும் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் என்னும் பதிவேட்டைத் தாங்கியிருக்கிறது. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவச நிரல்கள் அதைப் படித்துக் காட்டும். பழுதாகி மாற்றியமைக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கையும், படிக்க இயலாமல் தீர்மானத்துக்குக் காத்திருக்கும் பகுதிகளின் எண்ணிக்கையும் பூஜ்யமாக இருந்தால் நல்லது. அவை நாளுக்கு நாள் ஏறினால் டிஸ்க் அழிவை நோக்கிச் செல்கிறது என்று கொள்ளலாம். பழைய யந்திரம் வாங்குவோர் பணத்தைக் கொடுப்பதற்கு முன்னரே கடையில் இதைப் பார்த்துக்கொள்வது விவேகம்.

நினைவின் நெருக்கடி

2012-இல் 4 ஜிகாபைட் ராமுடன் வெளிவந்த யந்திரம் அன்றைய வேலைகளுக்குத் தாராளமாகப் போதுமானதாக இருந்தது. இன்று பிரௌசரில் சில பக்கங்களைத் திறந்து வைத்தாலே அந்த இடம் நிரம்பிவிடுகிறது. இடம் நிரம்பினாலும் கணினி நின்றுவிடாமல், சற்று நேரம் தேவைப்படாதவற்றை டிஸ்க்குக்கு அனுப்பிவிட்டு, தேவைப்படும்போது திரும்பக் கொணர்கிறது. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டாம் கில்பர்னும் அவர்தம் சகாக்களும் உருவாக்கி 1962-இல் இயக்கிய அட்லஸ் கணினியில் முதன்முதல் பெரிய அளவில் கையாளப்பட்ட உபாயம் இது. சிறிய நினைவகத்தைப் பெரியதாகத் தோன்றச் செய்யும் இந்த உபாயத்துக்கு ஓர் எல்லையும் உண்டு. அந்த எல்லையை ஆராய்ந்து 1968-இல் விளக்கியவர் அமெரிக்க அறிஞர் பீட்டர் டென்னிங். ஒரு நிரல் எந்த நேரத்திலும் அடிக்கடி தொட்டுக்கொண்டிருக்கும் பகுதிகள் யாவும் நினைவகத்துக்குள் அடங்கும்வரை வேலை தடையின்றி நடக்கும். அவை அடங்காத கணத்திலிருந்து, ஒன்றைக் கொணர்வதற்காக அனுப்பிய மற்றொன்று மறுகணமே வேண்டியதாகி, கொணர்தலும் அனுப்புதலுமாகவே காலம் முழுதும் கழிந்துவிடும். வேகம் படிப்படியாகக் குறையாமல் ஒரேயடியாகச் சரிந்துவிடும். மூன்றாவது பக்கம் திறக்க மறுப்பதன் காரணம் பெரும்பாலும் இங்குதான் இருக்கிறது. டி430-இல் ராமுக்கு இரண்டு இடங்கள் உள்ளன. 16 ஜிகாபைட் வரை அது ஏற்கும். 8 ஜிகாபைட் ஆக்கினாலே சாதாரண வேலைகளுக்கு இந்த நெருக்கடி தீர்ந்துவிடும்.

ஒரு சமயத்தில் ஒரு மாற்றம்

இத்தனை காரணங்கள் இருக்க, நம் யந்திரத்தில் உள்ளது எது என்று தீர்மானிப்பதெப்படி? ஆங்கிலத் தத்துவஞானி ஜான் ஸ்டுவர்ட் மில், 1843-இல் வெளியிட்ட தமது தர்க்க நூலில், காரணத்தைக் கண்டறியும் முறைகளுள் ஒன்றாக வேற்றுமை முறையை வகுத்தார். இரண்டு சந்தர்ப்பங்கள் மற்றெல்லா அம்சங்களிலும் ஒத்திருந்து, ஒரே ஓர் அம்சத்தில் மட்டும் வேறுபட்டு, அவற்றுள் ஒன்றில் மட்டுமே விளைவு தோன்றுமானால், அந்த ஓர் அம்சமே காரணமோ காரணத்தின் பகுதியோ ஆகும் என்பது அதன் சாரம். ஒரே நாளில் ராமைக் கூட்டி, டிஸ்க்கை மாற்றி, பசையைப் புதுப்பித்து, விண்டோஸையும் மறுபடி நிறுவிவிட்டு, வேகம் வந்துவிட்டது என்று மகிழ்பவர், எதனால் வந்தது என்று என்றைக்கும் அறியமாட்டார். ஒருவேளை செலவில் முக்கால்வாசி அநாவசியமாகவே போயிருக்கலாம்.

ஆகவே அளவெடுத்தலே ஆரம்பம். விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் பிராசஸர், நினைவகம், டிஸ்க் மூன்றும் எத்தனை சதவீதம் ஈடுபட்டிருக்கின்றன என்று தெரியும். உஷ்ணநிலையையும் துடிப்பு வேகத்தையும் காட்டும் இலவச நிரல் ஒன்றை அதனுடன் சேர்த்துக்கொள்ள வேண்டும். யந்திரத்துக்குக் கனமான வேலையொன்றைப் பத்து நிமிஷம் கொடுத்து இவ்வெண்களைக் கவனித்தால் உண்மை வெளிப்படும். உஷ்ணம் நூறு பாகையை நெருங்கி, அதே சமயம் துடிப்பு வேகம் இறங்குமானால் குற்றம் குளிர்ச்சிப் பாதையில். உஷ்ணம் மிதமாக இருந்தும் வேகம் அடிமட்டத்திலேயே கட்டுண்டு நின்றால் சந்தேகம் மின்சாரத்தின்மேல் செல்ல வேண்டும். பொருத்தமற்ற அல்லது சக்தி குறைந்த சார்ஜரைக் கண்டால் தம் வேகத்தைத் தாமே கட்டிப்போடும் யந்திரங்கள் உண்டாகையால், அசல் சார்ஜர் ஒன்றை இரவல் வாங்கிச் சொருகிப் பார்ப்பதே பரீட்சை. உஷ்ணமும் வேகமும் சரியாக இருந்து, டிஸ்க் மட்டும் நூறு சதவீதத்தில் நின்றால், நினைவகத்தையும் உடன் பார்க்க வேண்டும்: அது நிரம்பியிருந்தால் ராம் பற்றாக்குறை, காலியாக இருந்தால் டிஸ்க்கின் குறை. வேலையே கொடுக்காதபோதும் பிராசஸர் ஓயாமல் ஈடுபட்டிருந்தால், எந்த நிரல் அதை உறிஞ்சுகிறது என்று டாஸ்க் மேனேஜரின் பட்டியலே காட்டிவிடும். தொடங்கும்போதே தாமாக எழுந்துகொள்ளும் வேண்டாத நிரல்களும், சில சமயம் பிறர் லாபத்துக்காக மறைந்திருந்து கணக்குப் போடும் கள்ள நிரல்களும் அங்கே அகப்படும்.

மென்பொருளையும் சாதனத்தையும் பிரித்தறிவதற்கு இன்னுமொரு நேர்த்தியான பரீட்சை உண்டு. லினக்ஸை ஒரு பென் டிரைவில் ஏற்றி, டிஸ்க்கைத் தொடாமலே அதிலிருந்து யந்திரத்தைத் தொடங்கலாம். அப்போது பிரௌசர் சுறுசுறுப்பாக இயங்கினால் பிராசஸரும் குளிர்ச்சியும் குற்றமற்றவை. பழுது டிஸ்க்கிலோ அதிலுள்ள நிரல்களிலோதான் இருக்க வேண்டும். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு அங்கீகரிக்கப்பட்ட பிராசஸர்களின் பட்டியலில் டி430-இன் தலைமுறை இடம்பெறவில்லை. ஆகையால் இத்தகைய யந்திரங்களுக்கு லினக்ஸ் இப்போது பரீட்சைக் கருவியாக மட்டுமன்றி, நிரந்தர வாசஸ்தலமாகவும் தகுதி பெறுகிறது.

திறந்து பார்த்தல்

குற்றம் குளிர்ச்சிப் பாதையில் என்று முடிவானால் யந்திரத்தைத் திறக்கத் தயங்க வேண்டியதில்லை. இந்த யந்திரத்தை எவ்வாறு பிரிப்பது என்று படங்களுடன் விளக்கும் பராமரிப்புக் கையேட்டை லெனோவோ நிறுவனமே பொதுமக்களுக்கு வெளியிட்டிருக்கிறது. சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியையும் கழற்றியபின், விசைப்பலகையையும் அதைச் சூழ்ந்த மேல்மூடியையும் அகற்றினால் ஃபேனும், செப்புத் தகடும் குழாயும் உலோகத் தகடுகளும் சேர்ந்த ஹீட் சிங்க்கும் ஒருசேர வெளிவரும். ஃபேனுக்கும் தகடுகளுக்கும் நடுவிலுள்ள தூசியைத் தூரிகையாலும், ஊதுகாற்றாலும் அகற்றலாம். ஊதும்போது ஃபேனின் இறக்கைகளை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லையேல் அளவுமீறிச் சுழன்று பேரிங் கெடும். காய்ந்த பசையை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்தெடுத்து, மூன்று நான்கு கடுகின் அளவு புதிய பசையைச் சில்லின் நடுவே வைத்து, ஹீட் சிங்க்கை நேராக இறக்கி, திருகாணிகளை அவற்றருகே குறித்துள்ள எண் வரிசைப்படி சிறிது சிறிதாக முடுக்க வேண்டும். பசை இடைவெளிகளை நிரப்புவதற்காக மட்டுமே இருப்பது. தடிப்பாக அப்பினால் அதுவே உஷ்ணத்துக்குத் தடையாகிவிடும்.

பேட்டரியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. லித்தியம் பேட்டரியின் உறை உப்பியிருந்தாலோ, மூடி சரியாகப் பொருந்தாமல் எழும்பி நின்றாலோ, அதை அழுத்தவும் குத்தவும் சார்ஜ் செய்யவும் கூடாது. உள்ளே வாயு சேர்ந்திருக்கிறது என்பதற்கு அது அடையாளம். தீப்பற்றும் அபாயம் மெய்யானது. அதைத் தனியே எடுத்து, மின்னணுக் கழிவைச் சேகரிப்போரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். வேகத்தைப் பற்றிய எந்த ஆராய்ச்சியும் அதற்குப் பிற்பாடுதான்.

வேலை முடிந்தபின், முன்பு செய்த அதே பத்து நிமிஷப் பரீட்சையை, அதே அறையில், அதே நேரத்தில் திரும்பச் செய்து, பழைய எண்களுடன் ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம். உச்ச உஷ்ணம் பதினைந்து இருபது பாகை இறங்கி, துடிப்பு வேகம் நிலைத்து நின்றால் நம் சிகிச்சை பலித்தது. இறங்கவில்லையென்றால் நாம் கொண்ட காரணம் காரணமன்று, அடுத்ததை நாட வேண்டும். இந்த ஒப்புநோக்கல் இல்லாத பழுதுபார்ப்பு வெறும் அதிர்ஷ்டப் பரீட்சை.

இவ்வளவு செய்தும் திருந்தாத யந்திரங்கள் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மதர்போர்டு பழுதானவை, திரையும் பேட்டரியும் ஒருங்கே மாற்ற வேண்டியவை, செலவு விலையை மிஞ்சுபவை ஆகியவற்றைப் பிடித்துவைத்துப் போராடுவதில் அர்த்தமில்லை. ஆனால் அந்த முடிவும் அளந்து அறிந்தபின் வரவேண்டியதே. 2022-ஆம் ஆண்டில் உலகம் கழித்துப் போட்ட மின்னணுக் கழிவு 6 கோடியே 20 லட்சம் டன் என்றும், அதில் முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது நூற்றுக்கு 22 பங்கு சொச்சமே என்றும் ஐக்கிய நாடுகளின் கணக்கு கூறுகிறது. ஒரு மடிக்கணினி தன் ஆயுளில் பூமிக்கு விளைக்கும் பாரத்தில் பெரும்பகுதி, அதை நாம் உபயோகிக்கும்போது செலவாகும் மின்சாரத்தால் வருவதன்று, அதை உற்பத்தி செய்யும்போதே ஏற்பட்டுவிடுவது. ஆகவே அதை இன்னும் ஐந்தாண்டு உழைக்கச் செய்பவர் தம் பணத்தை மட்டும் மிச்சப்படுத்துவதில்லை. வாசகர் தம் கையிலுள்ள யந்திரத்துக்கு வயதாகிவிட்டது என்று தீர்ப்பளிக்குமுன், ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி, அதன் உஷ்ணத்தையும், வேகத்தையும், நினைவகத்தையும், டிஸ்க்கின் பதிவேட்டையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளட்டும். அந்த நான்கு எண்களைப் பார்த்தபின் எந்தத் தீர்ப்பை அளித்தாலும் அது நியாயமான தீர்ப்பாகவே இருக்கும்.